ஒரு மடக்குத் தண்ணீரில் ஒன்பது மாத்திரை

டிரைவிங் ஸ்கூலில் அவளுக்கு ‘பிரேக் மேடம்’ என்று பேர். முதுகுக்குப் பின்னால்தான். நேரே கூப்பிட்டுவிட்டு முழுசாக வீடு போய்ச் சேர யாருக்குத் துணிச்சல் இருக்கிறது? ஓட்டிப் பழகுகிற காரில் பக்கத்து சீட்டின் காலடியிலும் ஒரு பிரேக் வைத்திருப்பார்கள். கற்றுக்கொள்ள வந்த ஆள் சுவரைப் பார்த்து வண்டியை விட்டால், அதை மிதித்து நிறுத்துவது சொல்லித்தருபவரின் வேலை. மற்ற ஆசிரியர்கள் ஜன்னலில் முழங்கையை வைத்துக்கொண்டு ஊர்க்கதை பேசுவார்கள், பாதி நேரம் போனைத் தடவுவார்கள். இவளுடைய கால் மட்டும் வகுப்பு முடிகிறவரை அந்த பிரேக்குக்கு மேலே தொட்டும் தொடாமலும் நிற்கும். இத்தனை வருஷத்தில் அவள் உட்கார்ந்த வண்டி ஒரு பூந்தொட்டியைக்கூட உரசியதில்லை. அதில் அவளுக்குத் தலைக்கனம் நிறையவே உண்டு. இருக்கட்டுமே, சும்மாவா வந்தது?

வாயும் அந்தக் கால் மாதிரிதான், எப்போதும் தயாராக இருக்கும். கண்ணாடியைத் திருப்பித் தலைமுடியைச் சரிசெய்கிறவரிடம், “அது பின்னால வர்ற வண்டியப் பாக்கறதுக்கு சார். உங்க அழகை வீட்டுல போய்ப் பாத்துக்கங்க” என்பாள். கியர் மாற்றத் தெரியாமல் கடகடவென்று அரைக்கிற பெண்ணிடம், “மாவு அரைக்க மிஷின் வேற கடையில விக்கிறாங்கம்மா” என்பாள். திட்டு வாங்கியவர்கள் அழுதுகொண்டே போய், உறவுக்காரர்களை எல்லாம் அவளிடமே சேர்த்துவிடுவார்கள்.

ஆனால் அந்தக் கால் சும்மா நிற்குமா? நாள் பூரா பாதி உடம்பைத் திருப்பிக்கொண்டு, ஒரு கண்ணைச் சாலையிலும் இன்னொரு கண்ணைப் பக்கத்து ஆளின் பாதத்திலும் வைத்து உட்கார்ந்தால், சாயங்காலம் கழுத்திலிருந்து தோள்பட்டை வரை கட்டையாக இறுகிவிடும். அது பழைய கதை. இறுகும், சுடுதண்ணீர் ஊற்றினால் விடும். புதுசாக வந்தது களைப்பு. தூங்கி எழுந்தாலே உடம்பு அக்கக்காகக் கழன்றது. தைராய்டுக்கு என்று ஒரு சின்ன வெள்ளை மாத்திரையைப் பல வருஷமாக விடிந்ததும் வெறும் வயிற்றில் போட்டு வருகிறாள். டாக்டரைப் பார்த்து ரொம்ப நாளாகிவிட்டது. போய்ப் பார்த்திருக்கலாம். போகவில்லை.

ஏன் போகவில்லை என்றால், ஸ்கூலில் ஒரு அறை இருக்கிறது. சாலை விதிகளைப் படம் போட்டு விளக்குகிற அறை. மூட்டு தேய்ந்துபோன மூத்த ஆசிரியர் ஒருவரை, “கொஞ்ச நாள் ஓய்வா இருங்க” என்று சொல்லி அங்கே உட்காரவைத்தார்கள். அந்தக் கொஞ்ச நாள் முடியவே இல்லை. இன்றைக்கும் அவர் கையில் ஒரு குச்சியை வைத்துக்கொண்டு, “இது வலது பக்கம் திரும்பாதே, இது ஹாரன் அடிக்காதே” என்று சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருக்கிறார். நாற்காலி, மேஜையோடு சேர்ந்து அவரும் ஒரு சாமான் ஆகிவிட்டார். அந்த அறைக் கதவைக் கடக்கும்போதெல்லாம் அவள் நடையை எட்டிப் போடுவாள். ஆகவே களைப்பு என்ற சொல்லையே அவள் வாயால் எடுக்கவில்லை. வீட்டில் மட்டும் ஒரே ஒரு தடவை, “கழுத்து வலிக்குது” என்று சொன்னாள். புருஷன் அதைத் தன் தங்கையிடம் சொன்னார். அங்கே பிடித்தது சனி.

நாத்தனார் அப்போதுதான் சத்து மாத்திரை விற்கிற ஒரு குழுவில் சேர்ந்திருந்தாள். ஒரு பை நிறைய டப்பாக்களோடு வந்து இறங்கினாள்.

“அண்ணி, உங்களுக்கு மெக்னீசியம் கம்மி.”

“எப்படித் தெரியும்? உள்ள எட்டிப் பாத்தியா?”

“கழுத்து இறுகுதுன்னா அதான் அண்ணி. எங்க மேடம் வகுப்புல சொன்னாங்க.”

“உங்க மேடம் டாக்டரா?”

“இல்ல அண்ணி, டயமண்டு.”

“என்னது?”

“அது ஒரு லெவல் அண்ணி. முதல்ல சில்வர், அப்புறம் கோல்டு, அதுக்கும் மேல டயமண்டு.”

“அப்ப நீ நகைக்கடைக்குல்ல போகணும்? என் கழுத்துல உனக்கென்ன வேலை?”

நாத்தனார் அசரவில்லை. அப்படிப்பட்டவர்களுக்கு இதற்கும் பயிற்சி கொடுத்துத்தான் அனுப்புகிறார்கள். சிரித்துக்கொண்டே டப்பாவை மேஜையில் வைத்தாள். டப்பாவின் மேல் ஒருவன் மலை உச்சியில் கையை விரித்துக்கொண்டு நின்றான். “மலை ஏற முடிஞ்சவனுக்கு மாத்திரை எதுக்கு?” என்று கேட்டாள் பிரேக் மேடம். ஆனால் மறுநாள் காலையில் அந்த மாத்திரை அவள் தொண்டைக்குள் இறங்கியது. போட்டால் என்ன, செத்தா போய்விடுவோம் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

ஒருத்தி வந்தால் ஊரே வரும். ஸ்கூலின் சின்ன முதலாளி அப்பாவிடமிருந்து தொழிலை வாங்கி நடத்துகிறவர், உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போய்க் கையை மட்டும் பெரிதாக்கி வைத்திருப்பவர். அவர் பி12-ம் இரும்புச் சத்தும் சொன்னார். எதிர்வீட்டம்மா கால்சியமும் வைட்டமின் டி-யும் சொன்னாள். அவளே ஊன்றுகோல் இல்லாமல் வாசற்படி இறங்க மாட்டாள், அது வேறு. மீன் எண்ணெய் என்று ஒன்று வந்தது. எல்லா வைட்டமினும் ஒன்றாக அடங்கியது என்று இன்னொன்று வந்தது. எல்லாம் அதிலேயே இருந்தால் மற்றதெல்லாம் எதற்கு என்று கேட்க அந்த வீட்டில் ஒரு நாதி இல்லை. பச்சை இலையைப் பொடித்து அடைத்த ஒரு குப்பியைத் திறந்தால் மழையில் நனைந்த கோணிப்பை வாடை வந்தது. ஒவ்வொன்றையும் அவள் வாய் நிறைய நக்கலடித்தாள். ஒவ்வொன்றையும் முழுங்கினாள்.

இந்த இடத்தில் புருஷனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நல்ல மனுஷர். அதிர்ந்து பேசத் தெரியாதவர். ஒரு பெரிய சரக்குக் கிடங்கில், லாரியில் எதை எப்படி ஏற்றி எங்கே அனுப்புவது என்று பார்க்கிற சூப்பர்வைசர். பாதி லோடோடு ஒரு வண்டி கிடங்கு வாசலைத் தாண்டுவதைப் பார்த்தால் அவருக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. இரண்டு நடையை ஒரு நடையாக்கிவிட்டால் போதும், வீட்டுக்கு வந்து அதைக் கல்யாணக் கதை மாதிரி விஸ்தாரமாகச் சொல்வார். அப்படிப்பட்டவர் கண்ணில், சாப்பாட்டு மேஜை மேல் அந்த டப்பா வரிசை பட்டது. ஒன்று சாப்பாட்டுக்கு முன், ஒன்று பின், ஒன்று மத்தியானம், ஒன்று படுக்கும்போது.

“ஏம்மா, இத்தனை நடையா?” என்றார், நிஜமாகவே மனசு நொந்து.

“அதானே! நாள் பூரா முழுங்கிட்டே இருந்தா வண்டியில யாரு உக்காரறது? நடு ரோட்டுல நிறுத்தி, சார் கொஞ்சம் பொறுங்க, மேடம் கால்சியம் போடணும்னு சொல்லவா? ஒரே தடவையா குடுக்கறதுன்னா குடுங்க. இல்லன்னா தூக்கி வெளிய போடுங்க.”

அவருக்கு அது போதும். கிழமைக்கு ஓர் அறை வைத்த பிளாஸ்டிக் பெட்டி ஒன்றை வாங்கி வந்தார். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வோர் அறையிலும் ஒன்பது மாத்திரையை இடம் வீணாகாமல் அடுக்கினார். பெரியது அடியில், உருண்டை ஓரத்தில், தைராய்டின் சின்ன வெள்ளை மாத்திரை இடுக்கில். மூடி சத்தமில்லாமல் மூடியது. அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! காலையில் எழுந்ததும் ஒரு கை மாத்திரை, ஒரு மடக்குத் தண்ணீர். அவளும் அண்ணாந்து வாயில் கொட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள்.

தெம்பு வந்ததா? வந்தது, தன் யோசனையைத் தெருவுக்கே சொல்லிக்கொண்டிருந்த எதிர்வீட்டம்மாவின் நாக்குக்கு. இவளுக்கு இருந்த கொஞ்சமும் மாசத்துக்கு மாசம் குறைந்தது. மாடிப்படியில் பாதியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். கெண்டைக்கால் இரண்டும் அடித்துப்போட்டது போல் வலித்தது. எல்லோரும் விசிறிக்கொண்டிருக்கும்போது இவளுக்குக் குளிரெடுத்தது. காலையில் முகம் உப்பியது, குரல் கரகரத்தது. திட்டுகூட முன்னைப்போல் வரவில்லை. மாணவர்கள் அதைத்தான் முதலில் கவனித்தார்கள். மேடம் மாறிட்டாங்க, பொறுமை வந்துருச்சு என்று சந்தோஷப்பட்டார்கள். பொறுமையாவது மண்ணாவது, வாயைத் திறக்கவே அவளுக்குச் சோம்பலாக இருந்தது.

நாத்தனாரிடம் சொன்னபோது அவள் கைதட்டாத குறை.

“அருமை அண்ணி! வேலை செய்யுது! உடம்புல இருக்கற நஞ்செல்லாம் வெளிய போகுது!”

“எந்த வழியா?”

“எல்லா வழியாவும் அண்ணி. முதல்ல இப்படித்தான் அடிச்சுப் போடும். இப்ப நிறுத்தினா எல்லாம் வீண். மெக்னீசியத்தை ரெண்டாக்குங்க.”

இரண்டாக்கினார்கள். பெட்டியில் இடம் பற்றவில்லை என்று புருஷன் பெரிய பெட்டி வாங்கினார்.

அவளுக்குத் தெரியாதா என்ன? நன்றாகத் தெரியும். யாருக்குக் காது குத்துகிறார்கள் என்று குளியலறையில் தனியாக நின்று முனகுவாள். பிறகு வெளியே வந்து அன்றைய அறையைத் திறப்பாள். வேறு யாராவது இப்படிச் செய்தால், “அறிவை அடகு வச்சுட்டியா?” என்று கேட்டிருப்பாள்.

அந்தச் சமயத்தில் அவளிடம் கற்றுக்கொண்டிருந்தவர்களில் ஒரு பல் டாக்டர் உண்டு. அடுத்தவர் வாய்க்குள் நூல் பிடித்ததுபோல் வேலை பார்க்கிற அந்தக் கை, ஸ்டியரிங்கைத் தொட்டால் வெடவெடவென்று நடுங்கும். கடைத்தெரு முனையில், பாதசாரிகள் கடக்கிற கோட்டுக்கு முன்னால் நிறுத்த வேண்டும். கோட்டின் மேல் ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நிதானமாகப் போய்க்கொண்டிருந்தார். பல் டாக்டர் பிரேக் என்று நினைத்து ஆக்சிலேட்டரை மிதித்தார். புதுசா இது? இந்தத் தப்பை அவள் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறாள். அவர் பாதம் நகரும்போதே அவள் கண்டுபிடித்துவிட்டாள். கண்டுபிடித்தாள், தன் காலை மிதிக்கச் சொன்னாள், ஆனால் அது உடனே இறங்கவில்லை. யாரோ அடுத்த அறையில் இருக்கிறவரைக் கூப்பிட்டு வரச்சொன்ன மாதிரி, சாவகாசமாக வந்து மிதித்தது.

வண்டி நின்றது. அதற்குள் சைக்கிளின் பின்சக்கரம் பம்பருக்கு அடியில் அப்பளமாகிவிட்டது. அந்த மனுஷர் எப்படித்தான் குதித்தாரோ, நடைபாதையில் நின்று, உலகத்தில் இருக்கிற எல்லா வசவையும் உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு கீறல் இல்லை. பல் டாக்டர் வெலவெலத்துப்போய், “தப்பு என்னோடது, மேடம். காலை மாத்தி வச்சுட்டேன்” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஸ்கூலுக்கு வந்து சின்ன முதலாளியிடமும் அதையே சொன்னார்.

“கத்துக்கறவங்கன்னா அப்படித்தான் சார். மேடம் இருந்ததால ஆள் பிழைச்சாரு” என்றார் முதலாளி.

அவள் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அதோடு முடிந்திருக்கும். நாலு பேர் பாராட்டிவிட்டுப் போயிருப்பார்கள். இரண்டு நிமிஷம் இருந்தாள். அதற்கு மேல் முடியவில்லை.

“அவரு தப்பு பண்ணத்தான் இங்க வர்றாரு. அதை நிறுத்தத்தான் நான் பக்கத்துல உக்காந்திருக்கேன். என் கால் லேட்டு” என்றாள்.

முதலாளி அவளை ஏற இறங்கப் பார்த்தார். உப்பிய முகம், வெயிலிலும் ஸ்வெட்டர். அவருக்கும் அவளைப் பிடிக்கும். அவருக்கே அவள்தான் ஓட்டக் கற்றுக்கொடுத்தாள்.

“டாக்டரப் பாருங்கக்கா. அதுவரைக்கும் கொஞ்ச நாள் ஓய்வா…”

“அந்த ரூமுக்கா?”

அவர் அட்டவணையை எடுத்து, வண்டி வகுப்பிலிருந்து அவள் பேரை அடித்தார்.

மறுநாளிலிருந்து கையில் குச்சி. மூத்த ஆசிரியர் தன் பக்கத்தில் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு, “வாம்மா, காத்தாட இருக்கும்” என்று வரவேற்றார். அவளுக்கு அந்தக் குச்சியாலேயே அவரை ஒரு போடு போடலாமா என்று இருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் பழகுகிற வண்டி தெரிந்தது. அவள் சீட்டில் புதுசாகச் சேர்ந்த ஒருவன் காலை நீட்டி உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தான்.

புருஷனோடு போய்ப் பார்த்ததும் தைராய்டு டாக்டரம்மா ரத்தம் எடுக்கச் சொன்னார். முடிவு வந்ததும் அதைப் பார்த்தார், இவளைப் பார்த்தார், மறுபடியும் அதைப் பார்த்தார்.

“தைராய்டு மாத்திரையை நிறுத்திட்டீங்களா?”

“ஒரு நாள் விட்டதில்ல.”

“வேற ஏதாவது மாத்திரை?”

“ஒண்ணும் இல்ல” என்றாள். அதெல்லாம் மாத்திரையில் சேர்த்தியா என்ன?

“இருக்கே டாக்டர்” என்று புருஷன் முந்திக்கொண்டார். பையிலிருந்து பெட்டியை எடுத்து மேஜையில் வைத்து, மூடியைத் திறந்து, டாக்டரம்மா பக்கம் திருப்பியும் வைத்தார். முகத்தில் அவ்வளவு பெருமை. “எல்லாம் காலையில ஒண்ணா டாக்டர். ஒரே நடை.”

“தைராய்டு மாத்திரையும் இதோடவா?”

“ஆமா. சின்னதுதானே, இடுக்குல இடம் இருந்துச்சு.”

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். திட்டுகிற ரகம் இல்லை அவர்; நிதானமாகச் சொன்னார். அதுதான் இன்னும் மோசமாக இருந்தது.

“இரும்பு, கால்சியம், மெக்னீசியம், இதுல எது கூடப் போனாலும் தைராய்டு மாத்திரை வயித்துல சரியா சேராதுங்க. அப்படியே வெளிய போயிடும். நடுவுல நாலு மணி நேரமாவது விடணும். இத்தனை மாசமா இவங்க அதைப் போட்டும் போடாத கணக்குதான். களைப்பு, கால் வலி, குளிர், தொண்டை, முகம் எல்லாமே அதனாலதான். முதல்ல லேசா களைப்பு வந்துச்சு பாருங்க, அப்பவே வந்திருந்தா ஒரு டெஸ்ட் எடுத்து அளவைக் கொஞ்சம் கூட்டியிருப்பேன். அதோட முடிஞ்சிருக்கும்.”

“கழுத்து?” என்றாள் அவள், மெல்ல.

“நாள் பூரா திரும்பி உக்காந்தா வலிக்காம என்ன செய்யும்? அதுக்குப் பயிற்சி இருக்கு, சொல்லித்தரச் சொல்றேன்.”

புருஷன் பெட்டியின் மூடியை மூடினார். அது சரியாக மூடவில்லை. அமுக்கிப் பார்த்தார், விட்டுவிட்டார்.

வெளியே வந்ததும் ஒரு பெரிய கச்சேரி நடக்கும் என்று அவர் காத்திருந்தார். நடக்கவில்லை. பஸ் நிறுத்தத்தில் நடக்கவில்லை, வீட்டில் நடக்கவில்லை. உப்புப் போட மறந்ததற்கெல்லாம் பிடி பிடியென்று பிடிக்கிறவள், தன்னை மாதக்கணக்கில் கீழே தள்ளியவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் எல்லா டப்பாவையும் குப்பையில் போட்டார். தினமும் விடிந்ததும் ஒற்றை வெள்ளை மாத்திரையும் தண்ணீருமாக வந்து கட்டிலருகே நிற்பார். “ம்” என்பாள். டீ வேண்டுமா என்றால் “ம்” என்பாள். அவருக்கு அந்த ‘ம்’ ஒவ்வொன்றும் நெஞ்சில் குத்தியது. “ரெண்டு வார்த்தை திட்டிடேன்” என்று ஒரு நாள் கேட்டே விட்டார். அதற்கும் “ம்” தான்.

நாத்தனார் போனில் வந்தாள். விஷயத்தைக் கேட்டதும், “டாக்டருங்களுக்கு இதெல்லாம் பிடிக்காது அண்ணி, அவங்க பொழப்பு போயிடும்ல” என்றாள். “உன் டயமண்டு மேடத்தை என் கிளாசுக்கு வரச்சொல்லு. நடு ரோட்டுல நிக்கவச்சு வண்டியை விடறேன். நஞ்சு எந்த வழியா வெளிய போகுதுன்னு பாப்போம்” என்றாள் இவள். நாத்தனார் போனை வைத்துவிட்டாள். புருஷன் அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். தங்கைக்குக் கிடைத்தது தனக்குக் கிடைக்கவில்லையே என்று அவருக்கு ஏக்கமாகவே இருந்தது.

உடம்பு மெல்ல மெல்லத் திரும்பியது. முகம் வடிந்தது, ஸ்வெட்டர் பெட்டிக்குள் போனது. மறுபடியும் ரத்தம் எடுத்துப் பார்த்து, தாராளமாக வண்டியில் உட்காரலாம் என்று டாக்டரம்மா சொன்னார். புருஷனையும் கூட்டிக்கொண்டு ஸ்கூலுக்குப் போனாள். அதாவது அவர் பின்னாலேயே வந்தார், அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை.

சின்ன முதலாளி தலையைச் சொறிந்தார்.

“டாக்டர் சொன்னா எனக்குச் சரிதான்கா. ஆனா சைக்கிள் விஷயம் தெரு முழுக்கத் தெரியும். எனக்கே உங்க காலை ஒரு தடவை பாக்கணும். தெரியாத ஆள் ஓட்டணும், நீங்க பிடிக்கணும். நான் உக்காந்து தப்பு பண்ற மாதிரி நடிச்சா அது கணக்கில்ல.”

“கூப்பிடுங்க யாரையாவது.”

கூப்பிட்டார். வகுப்புக்கு வந்து காத்திருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒருவருக்குத் திடீரென்று போன் வந்தது, இன்னொருவருக்கு வயிறு சரியில்லை. அவள் கன்னம் சிவந்தது. இந்தத் தெருவில் இவள் பக்கத்தில் உட்கார ஆள் இல்லை! மூத்த ஆசிரியர் அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், நாற்காலியைத் துடைத்து வைத்திருக்கிறேன் வா என்கிற மாதிரி.

“நான் உக்கார்றேன்” என்றார் புருஷன்.

லாரி லாரியாக ஊருக்கு அனுப்பிவைக்கிற அந்த மனுஷருக்குச் சைக்கிளைத் தவிர எதுவும் ஓட்டத் தெரியாது. வீட்டு ஆளுக்கு வண்டி சொல்லிக்கொடுத்தால் வண்டி மிஞ்சும், குடும்பம் மிஞ்சாது என்று அவளும் இத்தனை வருஷமாக அவரை ஸ்டியரிங் பக்கம் விட்டதில்லை. அவர் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு, அறுவை சிகிச்சைக்குப் போகிறவர் மாதிரி ஏறி உட்கார்ந்தார். ஸ்கூலுக்குப் பின்னால் இருந்த மைதானம். வரிசையாகக் காலி டிரம்கள், கடைசியில் செங்கல் சுவர்.

“கிளட்ச்சை மெதுவா விடுங்க” என்றாள். சில தடவை இன்ஜின் செத்தது. அப்புறம் வண்டி துள்ளிக்கொண்டு கிளம்பியது. முதல் டிரம்மைச் சுற்ற வேண்டும். அவர் ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பினார். டிரம் காணாமல் போயிற்று, சுவர் வந்தது. அவர் சுவரைப் பார்த்தார், கண்ணை மூடிக்கொண்டார், இருந்த பலத்தையெல்லாம் திரட்டி ஆக்சிலேட்டரை மிதித்தார்.

அவள் யோசிக்கவில்லை. அவர் பாதம் தவறான பக்கம் சாய்ந்தபோதே அவள் கால் பிரேக்கோடு தரையில் இருந்தது. வண்டி ஒரு குலுக்கலோடு நின்று இன்ஜின் அணைந்தது. சுவருக்கும் பம்பருக்கும் நடுவில் ஒரு ஆள் தாராளமாகப் புகுந்து போகலாம்.

“ஏங்க!” என்றாள். அந்தச் சத்தத்தில் மைதானத்து ஓரத்தில் நின்றவர்கள் எல்லோரும் நிமிர்ந்தார்கள். “கண்ணை மூடிக்கிட்டா வண்டி ஓட்டுவாங்க? சுவர் என்ன, வழிவிட்டு நகந்து போகுமா? நாலு காசு மூளை இருக்கறவங்க செய்யற வேலையா இது? இதே மூளையை வச்சுக்கிட்டுத்தானே அந்தப் பெட்டியையும் அடுக்குனீங்க! சோப்புத்தூளையும் டீத்தூளையும் ஒரே லாரியில ஏத்துவீங்களா? ஏத்த மாட்டீங்க! உங்க கிடங்குல எவனாவது ஏத்தினா சீட்டைக் கிழிச்சிருப்பீங்க! பொண்டாட்டி வயிறுன்னா மட்டும் எதையும் எது கூடவும் போடலாம், இடுக்குல இடம் இருந்துச்சாம், இடம்! இதுல ஒரே நடைன்னு டாக்டர்கிட்ட பெருமை வேற! எனக்கு அங்கயே அந்த மேஜைக்கு அடியில போயிடலாம் போல இருந்துச்சு!”

“ஆமா” என்றார் அவர். “ஆமா. ஆமா.” கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. துடைத்துக்கொள்ளவில்லை. “நான்தான்மா. என்னாலதான் எல்லாம்.”

“பேசாதீங்க! உங்களாலயாம்!” என்று அதற்கும் பாய்ந்தாள். பிறகு குரல் ஒரு மாதிரி உடைந்தது. “வச்சதுதானே நீங்க? முழுங்கினது யாரு? வாய் என்னோடதுதானே? ஊர்ல இருக்கற அத்தனை பேரையும் நக்கல் பண்ணிட்டு, தினமும் அண்ணாந்து கொட்டிக்கிட்டேன். டாக்டர்கிட்ட போனா வண்டிய விட்டு எறங்குன்னு சொல்லிடுவாங்கன்னு பயம். பயந்து செத்தேங்க. அது உங்ககிட்ட சொல்லவும் வாய் வரல.”

சின்ன முதலாளி ஜன்னல் வரை வந்துவிட்டிருந்தார். எவ்வளவு கேட்டாரோ தெரியவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, “நாளைக்குக் காலையில முதல் வகுப்பு உங்களுக்குத்தான்கா” என்றார்.

அவள் தலையாட்டினாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு பக்கத்தில் பார்த்தாள்.

“முதல்ல காலை எடுங்க” என்றாள் புருஷனிடம். “இன்னும் ஆக்சிலேட்டர் மேலயே இருக்கு.”